சும்மா ஒரு பயணம்



போன மாதம் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதமொன்றில் ஒரு சகோதரி, "நீங்கள் எப்போதும் வேலையைப் பற்றியே எழுதுகிறீர்கள், எங்காவது ஊர் பார்க்கப் போனதில்லையா?" என்று கேட்டிருந்தார். போயிருக்கிறேன், ஒரே ஒரு தரம். 2024 ஆவணியில், பாடசாலை விடுமுறை நாட்களில், கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த மாதம் அதை எழுதுகிறேன்.

தையல் நிலையத்தில் லீவு கேட்டபோதே தொடங்கிவிட்டது.

"தெல்லிப்பழைக்கோ? ஆருக்கு வருத்தம்?"

அப்படிக் கேட்டதில் பிழையில்லை. வன்னியில் உள்ள எங்களுக்குத் தெல்லிப்பழை என்றால் முதலில் நினைவுக்கு வருவது புற்றுநோய் வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிதான். கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பார்க்கத்தான் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறோம்.

"ஒருத்தருக்கும் வருத்தமில்லை அக்கா. சும்மா போறன்."

"சும்மாவோ?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "கலியாணம் ஏதும்?"

"இல்லை. ஒரு சிநேகிதியைப் பார்க்க. கடல் பார்க்க."

லீவு கிடைத்தது. ஆனால் அன்று முழுவதும் மற்றப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1996இல் கிளிநொச்சியிலிருந்து ஓடினோம். 2008 கடைசியிலிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடி முள்ளிவாய்க்காலில் நின்றோம். பிறகு செட்டிக்குளம் முகாம். அதன் பிறகு நான் பஸ் ஏறியதெல்லாம் விசாரணைக்கு, பதிவுக்கு, கிளினிக்குக்கு. போகும்போதே திரும்பி வரும் நாள் தெரிந்திருந்த பயணம் இதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

கிழமைக்கு இருநூறு ரூபாய் என்று ஒரு ரின்னில் போட்டு வந்தேன். சட்டை தைத்த காசு. ஐயாயிரம் சேர்ந்தபோது மகள்தான், "அம்மா, மயிலிட்டிப் பெரியம்மாவிட்டைப் போவம்" என்றாள். அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள்.

மயிலிட்டி அக்காவை எனக்குச் செட்டிக்குளம் முகாமில்தான் தெரியும். தண்ணீர் வரிசையில் என் வாளிக்கு முன்னால் அவருடைய வாளி இருந்தது. அந்த வரிசையில் ஒரே பெயரில் மூன்று பேர் நின்றதால் அவருக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது. வெக்கையில் தறப்பாள் கொதிக்கும். பத்து லீற்றர் தண்ணீருக்குப் பாதி நாள் நிற்போம். அப்போது அவர் எனக்குக் கடலைப் பற்றிச் சொல்லுவார். தகப்பன் விடியற்காலை வள்ளத்தில் வந்து இறங்குவது, கரையில் மீன் கூறும் சத்தம், வாடைக்காற்றில் உப்பு வந்து முற்றத்துத் துணியில் படிவது எல்லாம் வரும். "ஒருநாளைக்கு எங்கட கடலை உனக்குக் காட்டுறன் பிள்ளை" என்பார். அதைச் சொல்லும்போது அவரே அந்தக் கடலைப் பார்த்து 19 வருடம். வலிகாமம் வடக்குச் சனம் 1990 ஆனியில் எழும்பியபோது அவருக்கு இருபது வயது.

புறப்படுகிற அன்று காலை நான் பை அடுக்குவதை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு சேலை, ஒரு துவாய், அவளுடைய சட்டைகள். பிறகு வழக்கமான கோப்பு. அடையாள அட்டைப் பிரதி, அவளுடைய பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, அவளுடைய அப்பாவின் படம் ஆறு பிரதி, கொடுத்த முறைப்பாடுகளின் பற்றுச்சீட்டுகள்.

"அம்மா, இரண்டு நாளுக்கு உது ஏன்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வெளியே எடுத்தேன், பிறகு திரும்ப வைத்தேன். கோப்பில்லாமல் பை தூக்கினால் கை நடுங்கும், சகோதரிகளே. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து காங்கேசன்துறை வீதி பஸ். கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், பிறகு தெல்லிப்பழைச் சந்தி. வீதிக்குச் சமாந்தரமாக ரயில் பாதை போகிறது. 1990இல் நின்ற ரயில் 2015 தையில்தான் மறுபடி காங்கேசன்துறை வரை போனது. சந்தியில் அக்கா குடையோடு நின்றார். கட்டிப்பிடிக்கவில்லை. என் கையில் இருந்த தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டு, "நல்லா மெலிஞ்சு போனாய்" என்றார். அவரும் மெலிந்துதான் இருந்தார்.

அவர் இருப்பது சின்ன வாடகை வீடு. அக்காவும் எழுபத்தெட்டு வயதான தாயும்தான். தாயை நாங்கள் ஆச்சி என்போம். அன்றிரவு ஆச்சி ஒடியல் கூழ் காய்ச்சினார். வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஒடியல் மாவை அப்படியே போட்டுவிடாதீர்கள், கசக்கும். தண்ணீரில் கரைத்து வைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்தால் கசப்புப் போய்விடும். நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு எல்லாம் அவிந்த பிறகு கரைத்த மாவும் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் விட்டுத் துழாவ வேண்டும். பலாவிலையைக் கோலிக் குடிக்க வேண்டும். கோப்பையில் குடித்தால் அது கூழில்லை என்று ஆச்சி கண்டிப்பாகச் சொன்னார். மகள் நாலு தரம் வாங்கிக் குடித்தாள். உறைப்பில் எல்லோருக்கும் மூக்கு ஓடியது. அழுகிறோமோ உறைப்போ என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது.

அடுத்த நாள் ஒரு ஓட்டோவை நாள் முழுதும் பேசிக்கொண்டோம். அக்காவின் தெரிந்த பிள்ளை, நியாயமாகத்தான் கேட்டான்.

முதலில் துர்க்கை அம்மன் கோயில். திருவிழா இன்னும் தொடங்காததால் சனம் குறைவு. இந்தக் கோயிலை நீண்ட காலம் தலைமை தாங்கி நடத்தியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார். ஆசிரியையாக இருந்தவர், திருமணம் செய்யாதவர். அநாதரவான பெண் பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லம் அவர் காலத்தில் உருவானது. 2008இல் காலமானார். கோயில் நிர்வாகத்தில் ஒரு பெண்ணின் சொல் அத்தனை வருடம் நடந்தது என்பதை மகளுக்குச் சொன்னேன். அவள் கொடிமரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், கேட்டாளோ தெரியாது. வழியில் யூனியன் கல்லூரியையும் பார்த்தோம். அமெரிக்க மிஷன் பாதிரியார் டானியல் பூவர் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கிய பாடசாலையின் வழி வந்தது அது. அக்கா ஒரு வருடம் அங்கே படித்தாராம். கணக்கு வராது என்று நிறுத்திவிட்டாராம். எத்தனை வருடமாக என் கணக்கையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

அடுத்தது கீரிமலை.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே வெடிப்புகள் வழியே ஓடி வருகிறது. கீரிமலையில் அது கடலின் விளிம்பில் ஊற்றாக வெளிப்படுகிறது. பத்தடி தள்ளி அலை அடிக்கும், கேணியில் நல்ல தண்ணீர். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்குச் சுவர் மறைப்போடு ஒரு கேணி. ஆண்களின் கேணி பெரிது, கடலைப் பார்த்தபடி இருக்கிறது. எங்களுடையது சிறிது. இதை நான் முறையிடாமல் விட முடியாது.

ஆனால் சைவச் சனங்களுக்குக் கீரிமலை குளிக்கிற இடம் மட்டுமல்ல. அஸ்தி கரைப்பதும் அங்கேதான். ஆடி அமாவாசையில் தகப்பனை நினைத்து விரதம் பிடிப்பவர்கள் அங்கே வந்துதான் முழுகித் தர்ப்பணம் செய்கிறார்கள். நாங்கள் போனது ஆடி அமாவாசை கழிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு. வாசலடியில் ஒரு வயதானவர் எங்களைப் பார்த்து, நல்ல மனதோடுதான், "திதியோ பிள்ளை? ஆருக்கு?" என்று கேட்டார்.

என்னுடைய பொட்டையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். ஒரு கணம் எனக்கு வாய் வரவில்லை.

என் கணவர் 2009 வைகாசியில் காணாமற் போனார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. என் மாமி, "கீரிமலையிலை அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடு, அவன் ஆத்மா அலையும்" என்று இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாதவர்கள், ஆள் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்தது. அதை எடுத்தவர்கள் உண்டு. மரணச் சான்றிதழே எடுத்துக் காரியமும் செய்து முடித்தவர்கள் உண்டு. அவர்களை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்குப் பாடசாலை, காணி, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கடதாசி வேண்டியிருக்கிறது. நான் இரண்டையும் எடுக்கவில்லை. அதனாலேயே 15 வருடமாகக் கீரிமலைப் பக்கம் தலை வைத்ததில்லை. போனால் செய்யத்தான் வேண்டும் என்று பயம்.

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. குளிக்க வந்தனாங்கள்" என்றேன்.

"ஆ, குளியுங்கோ, குளியுங்கோ" என்று அவர் தன்பாட்டில் போய்விட்டார். அவ்வளவுதான். 15 வருடம் பயந்த கேள்வி இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

உள்ளே போனால் அடுத்த பிரச்சினை, பை. கேணியடியில் வைத்துவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. "நீங்கள் குளியுங்கோ, நான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்" என்று அக்காவிடம் சொன்னேன். ஆச்சி படிக்கட்டில் கால் நீட்டி இருந்தபடி கையை நீட்டினார்.

"இஞ்சை கொண்டா பிள்ளை. காணி உறுதியை 27 வருஷம் ஷொப்பிங் பையிலை வைச்சிருந்தனான். உன்ர பையை அரை மணித்தியாலம் வைச்சிருக்கமாட்டனோ?"

கொடுத்தேன். ஆச்சி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் நல்ல குளிர். முதல் தரம் தலை முழுகியபோது காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மகளுக்கு நீச்சல் தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு காலடித்தாள். மயிலிட்டி அக்கா கடற்கரைப் பிள்ளையல்லவா, ஐம்பத்து நாலு வயதில் மூச்சடக்கி அந்தக் கரையில் போய் எழும்பினார். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அரை மணித்தியாலம் என்று போனவர்கள் ஒன்றரை மணித்தியாலம் கிடந்தோம். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. நீங்கள் போனால் குளிப்பதற்குத் தனிச் சட்டை கொண்டுபோங்கள், படிகளில் பாசி இருக்கும், கவனம்.

மாவிட்டபுரம் கோயிலடியில் ஓட்டோவை நிறுத்தி அக்கா பழைய கதையைச் சொன்னார். மாருதப்புரவல்லி என்ற இளவரசி, நோயும் குதிரை முகமுமாக ஊரூராக அலைந்து, கீரிமலையில் தீர்த்தமாடிக் குணமடைந்தாளாம். குதிரை முகம் நீங்கிய இடம் மாவிட்டபுரம். அவள் கட்டிய கோயிலுக்குக் கடல் வழியாக வந்த காங்கேயன் சிலை இறங்கிய துறை காங்கேசன்துறை. "அவளிட்டை ஒருத்தரும் 'ஆருக்குத் திதி' எண்டு கேட்டிருக்கமாட்டினம்" என்று அக்கா சேர்த்துச் சொன்னார். ஓட்டோக்காரப் பிள்ளைக்கு நாங்கள் மூவரும் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று விளங்கவில்லை.

பின்னேரம் மயிலிட்டி. அதைக் கடைசியாக வைக்கச் சொன்னேன், ஆச்சி விடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் அவருக்கு அங்கே வேலை இருக்கிறதாம்.

மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய ஒரு பகுதிக் காணிகளும் 2017 ஆடியில்தான் சனங்களிடம் திரும்பின. ஒரு காலத்தில் இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. இப்போது மறுபடி வள்ளங்கள் கட்டியிருக்கின்றன. ஆச்சியின் காணி துறையிலிருந்து சற்று உள்ளே. வீடு இல்லை. சுவரும் இல்லை. முதல் தரம் வந்தபோது பற்றைக்குள் எது தங்கள் வளவு என்றே பிடிபடவில்லையாம். துணி துவைக்கிற கல்லை வைத்துத்தான் கிணற்றையும், கிணற்றை வைத்து வீட்டையும் கண்டுபிடித்தார்களாம். புதிய வீடு கட்ட இன்னும் வசதி வரவில்லை. எஞ்சியிருப்பது சிவப்புச் சீமெந்துத் தரை, அங்கங்கே வெடித்தது.

ஆச்சி ஓட்டோவில் கொண்டுவந்த ஈர்க்குமாற்றை எடுத்தார். ஒவ்வொரு வெள்ளியும் வந்து இந்தத் தரையைக் கூட்டுகிறார். முதலில் சாமியறை, பிறகு விறாந்தை. நாங்கள் ஓரமாக நின்றோம். கூட்டி முடிந்ததும் கை கால் கழுவி, வாசற்படி இருந்த இடத்தில் வந்து நின்று என்னைப் பார்த்து, "வா பிள்ளை, உள்ளுக்கை வா. முதல் தரம் வாறாய்" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மகளும் கழற்றினாள். வெயிலில் தரை சுட்டது. ஆச்சி போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியையும் பனங்கட்டியையும் தந்தார். விறாந்தையில் இருந்து குடித்தோம். ஒழுங்கைக்கு அங்கால் முட்கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் உள்ள காணிக்காரர் அன்றைக்கும் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆச்சியின் சொந்தத் தங்கச்சி.

அப்போது பலாலிப் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பியது. ஆச்சி தேத்தண்ணிக் கோப்பையோடு தூணில்லாத இடத்தில் தூணைத் தேடினார். "சென்னைக்குப் போறது அம்மா" என்றார் அக்கா. "தெரியும்" என்றார் ஆச்சி. விமானம் மறையும்வரை ஒருவரும் குடிக்கவில்லை.

உறுதி பற்றி ஒரு வார்த்தை. ஆச்சி அதைக் காப்பாற்றி வைத்திருந்ததால் அலுவலகத்தில் பெரிதாக அலையவில்லை. தொலைத்தவர்கள் மனம் விட வேண்டாம். பதிவு செய்த உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் அதன் பதிவு இருக்கும், பிரதி எடுக்கலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் கேளுங்கள். தனியே போகாமல் இரண்டு பேராகப் போங்கள்.

வெயில் தணிந்தபோது காங்கேசன்துறைக் கரைக்கு வந்தோம். 1950 அளவில் தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் வரவேண்டும். சுண்ணாம்புக் கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. கரையில் நல்ல சனம். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள், கச்சான் விற்பவர்கள். நாகபட்டினத்துக்கு 2023 ஐப்பசியில் தொடங்கிச் சில நாளில் நின்ற பயணிகள் கப்பல் நாங்கள் போன அந்தக் கிழமைதான் மறுபடி தொடங்கியிருந்தது. மகள் கப்பலைத் தேடினாள், தெரியவில்லை. ஐஸ்கிறீம் வாங்கினோம், அதிலேயே ரின் காசில் கடைசி ஐந்நூறு போனது.

நான் சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினேன். உப்புத் தண்ணீரில் நான் கடைசியாக நின்றது 2009 வைகாசியில், நந்திக்கடலில், நெஞ்சளவில், மகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி. மயிலிட்டி அக்காவும் அதே தண்ணீரில்தான் வந்தவர், ஆச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு. அவரும் வந்து பக்கத்தில் நின்றார். அலை வந்து இழுத்துப் போக, காலடியில் மணல் கரைந்தது.

"இதுதான் நான் சொன்ன கடல்" என்றார்.

"நீங்கள் சொன்னதைவிடச் சின்னனாய் இருக்கு."

"அது வரிசையில நிண்டு சொன்னது" என்றார் அக்கா.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏற்றிவிடும்போது ஒரு போத்தல் பனாட்டும் ஒரு பை ஒடியல் மாவும் தந்தார். ஈரத் துணி உலராததால் அதைக் கோப்புக்கு மேல் வைத்தே கட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பற்றுச்சீட்டு ஒன்றின் ஓரம் நனைந்து சுருண்டிருந்தது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையணைக்குக் கீழ் வைத்து நேராக்கினேன்.

"மார்கழியில நான் அங்கை வாறன். கலியாணமுமில்லை, செத்தவீடுமில்லை, சும்மா வாறன்" என்று அக்கா சொல்லியிருந்தார். மார்கழியில் மழை விடவில்லை. பொங்கல் கழித்து ஆச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரணைமடுக் குளத்தைக் காட்டினேன். ஆச்சி அணைக்கட்டில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, தண்ணி நல்லாத்தான் இருக்கு, ஆனால் அலை காணாது என்றார்.